உயிலா, டிரஸ்ட்டா, பத்திரத்தில் இன்னொரு பெயரா?

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியின் அடித்தட்டில், பாஸ்போர்ட்டுகளுக்குப் பக்கத்தில், கனமான கறுப்புக் கோப்பு ஒன்று இருக்கிறது. முகப்பில் பொன்னெழுத்தில் எங்கள் 'குடும்பப் பெயர்', அதன் கீழே 'லிவிங் டிரஸ்ட்' என்று அச்சிட்டிருக்கும். நமக்கேது குடும்பப் பெயர்? என் அப்பா பெயரும் என் மாமனார் பெயரும் ஒரு கோடு போட்டுச் சேர்ந்து நிற்கின்றன. உயிரோடு இருந்த காலத்தில் அவர்கள் இருவரும் ஒன்றாகக் காபி குடித்ததே நான்கைந்து முறைதான்.

எங்களுக்குப் பிறகு வீடு நீதிமன்றப் படி ஏறாமல் பிள்ளைகளுக்குப் போகட்டும் என்று 2016-இல் வழக்கறிஞருக்கு 3,000 டாலருக்குச் சற்று மேல் கொடுத்து எழுதி வாங்கிய கோப்பு அது. 2024-இல் வேறு எதற்கோ கவுண்டிப் (மாவட்டப்) பதிவேட்டில் எங்கள் வீட்டுப் பத்திரத்தைத் தேடியபோதுதான் தெரிந்தது, வீடு டிரஸ்ட்டின் பெயரில் இல்லை. மூன்று வருடங்களாகவே இல்லை. 2021-இல் வட்டி மூன்று சதவீதத்துக்குக் கீழே இறங்கியபோது ஊரோடு சேர்ந்து நாங்களும் கடனை மாற்றினோம். கடன் கொடுத்தவர்கள் வீட்டை டிரஸ்ட்டிலிருந்து எடுத்து எங்கள் சொந்தப் பெயருக்கு மாற்றச் சொன்னார்கள். முகக்கவசத்தோடு வந்த நோட்டரி வாசலிலேயே மேசை போட்டுக் கையெழுத்துகளை வாங்கிப் போனார். கடன் கைக்கு வந்தது; வீட்டைத் திரும்ப டிரஸ்ட்டுக்கு எழுதி வைக்க வேண்டும் என்று அவர்களும் சொல்லவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. அன்று இரவு கணவரிடம் சொன்னேன். "அதனால் என்ன, கோப்பு பத்திரமாக இருக்கிறதே" என்றார்.

திரும்ப எழுதி வைப்பதற்கு முன், பணம் கொடுத்த அன்றே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்ய உட்கார்ந்தேன். இது உண்மையிலேயே வேண்டுமா? இதைவிட மலிவான வழி உண்டா? நாங்கள் இருப்பது கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 9. கணக்குகள் எல்லாம் இந்த ஊர்க் கணக்குகள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். டிரஸ்ட் என்றதும் நம் ஊரில் பொறியியல் கல்லூரியோ, கோயில் அன்னதானக் கட்டளையோதான் கண்முன் வரும். என் அம்மா, "வீட்டைத் தர்மத்துக்கா எழுதி வைத்துவிட்டீர்கள்?" என்று பதறினாள். அப்படி ஒன்றும் இல்லை. கொடுப்பவர் நான், நிர்வகிக்கும் டிரஸ்டி நான், அனுபவிக்கும் பயனாளியும் நான். வேண்டாம் என்றால் நாளைக்கே ரத்து செய்யலாம். அப்படி ரத்து செய்ய முடிவதால்தான் வருமான வரித்துறை இதைத் தனி ஆளாகவே பார்ப்பதில்லை. அதே சமூகப் பாதுகாப்பு எண், அதே வரிப் படிவம். சொத்துவரி மதிப்பு உயராது. 1982-இன் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று இருப்பதால், நாம் குடியிருக்கும் வீட்டை இப்படி மாற்றியதற்காக வங்கி கடனை உடனே கட்டச் சொல்லவும் முடியாது. நான் போன பிறகு, அல்லது நினைவு தப்பிப் படுத்துவிட்டால், அடுத்த டிரஸ்டி என்று நான் எழுதி வைத்தவர் நீதிமன்றப் படி ஏறாமல் பொறுப்பை எடுத்துக்கொள்வார். இதன் முக்கியப் பலன் அதுதான்.

ஓட்டலில் இலவச இரவுச் சாப்பாடு போட்டு நடத்தும் கூட்டம் ஒன்றுக்கு ஒருமுறை போயிருந்தேன். வரி மிச்சமாகும், வழக்குப் போடுபவர்களிடமிருந்து வீடு தப்பும் என்றெல்லாம் அங்கே சொன்னார்கள். இரண்டும் தவறு. நினைத்தபோது நானே திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய சொத்தை என் கடன்காரரும் எடுத்துக்கொள்ளலாம். கூட்டாட்சி மரண வரியோ 2026-இல் ஒருவருக்கு 1.5 கோடி டாலருக்கு மேல் போனால்தான் வரும். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. அந்த வரம்பும் குடிமக்களுக்கும் இங்கேயே நிலையாகக் குடியிருப்பவர்களுக்கும்தான். நிரந்தரமாகத் தங்கும் எண்ணமில்லாத விசாக்காரருக்கு விலக்கு வெறும் 60,000 டாலர் என்று சுருங்கிவிடக்கூடும். குடியுரிமை இல்லாத துணைவருக்குப் போகும் சொத்துக்கு வரம்பில்லாத விலக்கும் கிடையாது. அந்த நிலையில் இருப்பவர்கள் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு வரி வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

அப்படியானால் உயில் போதாதா? நம் ஆட்களிடம் அடிக்கடி கேட்கும் வாசகம், "உயில் எழுதிவிட்டேன், இனி கோர்ட்டுக்குப் போக வேண்டாம்". கலிபோர்னியாவில் கதை நேர் எதிர். உயில் என்பதே நீதிமன்றத்துக்கு எழுதும் கடிதம். அதை மெய்ப்பிக்கும் நடைமுறைதான் புரொபேட். அதற்கு வழக்கறிஞர் எவ்வளவு வாங்கலாம் என்பதைச் சட்டமே விகிதம் போட்டு வைத்திருக்கிறது: முதல் 100,000 டாலருக்கு 4 சதவீதம், அடுத்த 100,000-க்கு 3, அதற்கடுத்த 800,000-க்கு 2, அதற்கும் அடுத்த 90 லட்சத்துக்கு 1 சதவீதம். உயிலை நிறைவேற்றுபவருக்கும் அதே அளவு தனியாக உண்டு.

எங்கள் தெரு வீடு ஒன்றை 15 லட்சம் டாலர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4,000, 3,000, 16,000, 5,000, மொத்தம் 28,000. இருவருக்கும் சேர்த்து 56,000. வீட்டின் மேல் 6 லட்சம் கடன் பாக்கி இருந்தாலும் கழிக்கமாட்டார்கள். கட்டணம் முழு 15 லட்சத்துக்கும்தான். நிறைவேற்றுபவர் நம் வீட்டு ஆள் என்றால் தன் பங்கை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வழக்கறிஞர் சொல்லமாட்டார், பேரம் பேசிக் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவே. கடன்காரர்கள் வந்து கேட்பதற்கென்றே நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். எல்லாம் முடிய ஒரு வருடத்தைத் தாண்டுவது சாதாரணம். அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்பது இன்னொரு சங்கடம்.

ஆனால் இந்த 56,000-ஐக் காட்டிப் பயமுறுத்துபவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை. கணவன் மனைவியில் ஒருவர் போனால், சொத்து மற்றவருக்கே என்றால், துணைவருக்கென்று தனி மனு இருக்கிறது. பெரும்பாலும் ஒரே விசாரணையில் முடிந்துவிடும். முழுப் புரொபேட் வருவது இரண்டாமவரும் போன பிறகு, அல்லது இருவரும் ஒன்றாகப் போனால். 2025 ஏப்ரல் முதல் தேதியிலோ அதற்குப் பிறகோ இறந்தவர்களின் குடியிருந்த வீடு 750,000 டாலருக்குள் இருந்தால் அதற்கும் சுருக்கு வழி வந்திருக்கிறது. ஃப்ரீமாண்டில் அந்த விலைக்குத் தனி வீடு கிடைப்பது அபூர்வம். ஃப்ரெஸ்னோவிலோ பேக்கர்ஸ்ஃபீல்டிலோ இருக்கும் நண்பர்களுக்கு இது பெரிய மாற்றம். 2016-இல் அவர்களுக்குச் சொன்ன ஆலோசனையை இன்று அப்படியே சொல்லமாட்டேன்.

மாநிலம் மாறினால் விடையே மாறிவிடுகிறது. என் அக்கா நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறாள். நான் டிரஸ்ட் எழுதியதும் அவளும் எழுதப் புறப்பட்டாள், நான்தான் தடுத்தேன். அங்கே இறந்து பத்து நாள் கழிந்ததும் கவுண்டியில் உயில்களைக் கவனிக்கும் சரகேட் அலுவலகத்தில் உயிலைக் கொடுத்தால், தகராறு ஏதும் இல்லாதபோது, சில நூறு டாலர் செலவோடு வேலை நடக்கிறது. டெக்சாஸிலும் உயிலில் சரியான வாசகம் இருந்தால், நிறைவேற்றுபவரை நியமித்து, சொத்துப் பட்டியலையும் வாங்கிக்கொண்டபின் நீதிமன்றம் பெரும்பாலும் ஒதுங்கிவிடும். அங்கே இருப்பவர் கலிபோர்னியா நண்பரைப் பார்த்து ஆயிரக்கணக்கில் செலவழிப்பது, மழை பெய்யாத ஊரில் கூரைக்குத் தார் பூசுகிற கதைதான். வேறு மாநிலத்திலும் ஒரு வீடு இருந்தால் மட்டும் இரண்டு இடத்தில் புரொபேட் நடக்கும் என்பதால் திரும்ப யோசிக்க வேண்டும்.

உயிலைக் கையாலேயே எழுதி வைத்தால் போதாதா என்று கணவர் கேட்டார். கலிபோர்னியாவில் முக்கிய வாசகங்களும் கையெழுத்தும் சொந்தக் கையால் இருந்தால் சாட்சி இல்லாமலேயே செல்லும். செல்வது வேறு, சண்டையில்லாமல் செல்வது வேறு. பாடகி அரீதா ஃப்ராங்க்ளின் 2018-இல் டெட்ராய்ட்டில் இறந்தார். பூட்டிய அலமாரியில் 2010-இல் கையால் எழுதிய உயில் ஒன்று, சோபா மெத்தைக்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் 2014-இன் உயில் ஒன்று. சோபாவில் இருந்ததே செல்லும் என்று ஜூரிகள் தீர்ப்புச் சொல்ல 2023 ஜூலை ஆகிவிட்டது. அதுவரை பிள்ளைகள் எதிரெதிர் அணி.

அடுத்து, நம் ஊர்ப் பழக்கம்: உயிரோடு இருக்கும்போதே பிள்ளைக்குச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது. தமிழ்நாட்டில் அது நல்ல வழியாக இருக்கலாம். இங்கே அதைச் செய்யும் பெற்றோரைப் பார்த்தால் எனக்குக் கை பதறுகிறது. 250,000-க்கு வாங்கி இன்று 15 லட்சம் பெறும் வீட்டை மகனுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கினால், அவனுக்கு அப்பா வாங்கிய விலையே அடக்கவிலை. விற்றால் 12.5 லட்சமும் லாபம். அதே வீடு பெற்றோர் காலத்துக்குப் பிறகு வந்தால் அடக்கவிலை இறந்த நாளின் சந்தை மதிப்பு; மறுநாள் விற்றால் லாபமே இல்லை. இரக்கத்தில் அவசரப்பட்டால் பிள்ளை தலையில்தான் வரி விழும். வீட்டைக் கொடுக்காமல் பத்திரத்தில் பிள்ளை பெயரைச் சேர்த்தால் போதுமே என்பார்கள். சேர்த்த நாளிலிருந்து அவனுடைய கடன்காரரும், அவனுடைய விவாகரத்து வழக்கும் நம் வீட்டு வாசலில் நிற்கும். மனம் மாறினால் அவன் கையெழுத்தில்லாமல் திரும்ப எடுக்க முடியாது.

கணவன் மனைவிக்குள்ளும் பத்திரத்தின் ஒரு சொல் முக்கியம். எங்கள் பழைய பத்திரத்தில் 'ஜாயின்ட் டெனன்ட்ஸ்' (கூட்டு உரிமையாளர்கள்) என்று இருந்தது. வீடு வாங்கிய அன்று கவுண்டரில் இருந்த பெண் எந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டும் என்று கேட்டாள். எல்லாரும் போடுவதில் போட்டோம். ஒருவர் இறந்தால் மற்றவருக்குத் தானாகப் போகும், அது சரி. ஆனால் அடக்கவிலை சந்தை மதிப்புக்கு உயர்வது இறந்தவரின் பாதிக்கு மட்டும்தான். 7 லட்சத்துக்கு வாங்கிய வீடு 15 லட்சம் ஆகியிருந்தால், அப்படியே இருக்கும் பாதி 3.5 லட்சம், உயர்ந்த பாதி 7.5 லட்சம், அடக்கவிலை 11 லட்சம். 'கம்யூனிட்டி பிராப்பர்ட்டி' (தம்பதியின் பொதுச் சொத்து) என்று இருந்தால் முழு வீடும் 15 லட்சத்துக்கு உயரும். தானாகப் போகும் வசதியையும் இந்த உயர்வையும் சேர்த்துத் தரும் பத்திர வகை 2001 ஜூலை முதல் கலிபோர்னியாவில் இருக்கிறது. பிள்ளைகள் இல்லாத தம்பதிக்கு முதல் மரணத்தைப் பொறுத்தவரை இதுவே போதும். இதைப் படிப்பவர்கள் இன்றே தங்கள் பத்திரத்தை எடுத்துப் பார்க்கலாம், செலவு இல்லை.

கடைசி மலிவு வழி, இறந்த பிறகு மாறும் பத்திரம். வங்கிக் கணக்குக்கு நாமினி போடுவது போல வீட்டுக்கும் நாமினி போடுவது. கலிபோர்னியாவில் 2016 முதல் இருக்கிறது. நோட்டரி முன் கையெழுத்திட்டு 60 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். 2022 முதல் இரண்டு சாட்சிகளும் வேண்டும். எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். தனியாக இருக்கும் பெரியவர், வளர்ந்த ஒரே மகள், இருவருக்கும் நடுவில் தகராறு இல்லை என்றால் நான் இதைத்தான் சொல்வேன். 3,000 டாலரை அந்த மகளுக்கு வளையலாகவே வாங்கிக் கொடுத்துவிடலாம். ஆனால் பெரியவர் பக்கவாதத்தில் படுத்துவிட்டால் இந்தப் பத்திரத்தால் பலனில்லை, அது இறந்த பிறகுதான் உயிர்பெறும். உயிலும் அப்படியே. டிரஸ்ட் மட்டும்தான் நாம் இருக்கும்போதே வேறொருவர் கைக்கு நிர்வாகத்தை அமைதியாக மாற்றுகிறது. அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) அந்த இடத்தை ஓரளவு நிரப்பும், வங்கிகள் அதை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டால்.

எங்கள் வீட்டில் பிள்ளைகளின் வயதுதான் முடிவைச் செய்தது. நாங்கள் இருவரும் ஒன்றாகப் போய்விட்டால், நாமினி பத்திரத்தில் 9 வயதுப் பையனின் பெயர் இருந்து என்ன பயன்? அவன் சொத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் ஒருவரை நியமிக்கும். 18 வயது ஆன அன்று முழுப் பணமும் அவன் கையில். என் மகனை நான் நேசிக்கிறேன். 18 வயதில் அவன் அதைக் கொண்டு என்ன கார் வாங்குவான் என்றும் எனக்குத் தெரியும். டிரஸ்ட்டில் படிப்புச் செலவு எப்போதும், மீதி 25 வயதில் பாதி, 30-இல் பாதி என்று எழுத முடிந்தது. பிள்ளைகளை யார் வளர்ப்பது என்பதை மட்டும் டிரஸ்ட் தீர்மானிக்காது. அதற்கு உயில் வேண்டும். டிரஸ்ட் எழுதியவர்களுக்கும் துணை உயில் ஒன்று இருப்பது அதனால்தான். வெளியே விட்டுப்போனவற்றை டிரஸ்ட்டுக்குள் கொட்டும் வேலையும் அதனுடையது.

வளர்ப்பவரும் பணத்தைப் பார்ப்பவரும் ஒருவராக இருக்க வேண்டாம் என்பது என் கட்சி. பிள்ளைகளை எடிசன் பெரியம்மா வளர்ப்பாள். பாசத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவள் கையில் பணம் நிற்காது என்பதை அவளே சொல்வாள். பணத்துக்கு 2016-இல் கணவரின் தம்பியைப் போட்டிருந்தோம். கணக்கில் புலி, கோயம்புத்தூர்வாசி. அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாமல் வெளிநாட்டில் வசிக்கும் ஒருவர் முக்கிய முடிவுகளை எடுத்தால் இங்கத்திய வரிச் சட்டத்தின் பார்வையில் அது வெளிநாட்டு டிரஸ்ட் ஆகிவிடும். தனிப் படிவங்கள், தவறினால் கடும் அபராதங்கள். நம் ஆட்கள் நம்பிக்கையான தம்பி என்று ஊரில் இருப்பவரைத்தான் எழுதுவார்கள். எங்களை அன்று யாரும் கேட்கவில்லை. இப்போது சான் ரமோனில் இருக்கும் கல்லூரித் தோழியைப் போட்டிருக்கிறோம். மைத்துனருக்கு லேசான வருத்தம்.

ஊரில் இருக்கும் சொத்துக்கு இது எதுவும் பொருந்தாது. கும்பகோணத்தில் அப்பா எனக்கு விட்டுப்போன வீட்டை ஃப்ரீமாண்ட் டிரஸ்ட்டுக்குள் கொண்டுவர நான் முயலவில்லை. இந்திய மண்ணில் இருக்கும் நிலத்துக்கு இந்தியச் சட்டமே. அதை டிரஸ்ட்டாக்க அங்கே பதிவு செய்த ஆவணம் வேண்டும். இரண்டு சாட்சிகளோடு தனி உயில் எழுதினேன். எழுதிக் கொடுத்தவர் வழக்கமான வாசகத்தைப் போட்டிருந்தார்: "இதற்கு முன் நான் எழுதிய உயில்கள் அனைத்தையும் இதன் மூலம் ரத்து செய்கிறேன்." கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவள் நிறுத்தினேன். அந்த ஒரு வரி, பிள்ளைகளுக்குப் பெரியம்மாவை நியமித்த என் அமெரிக்க உயிலையும் சேர்த்து அடித்துவிடும். "இந்தியாவில் உள்ள சொத்துக்களைப் பொறுத்தவரை மட்டும்" என்று சேர்க்கச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சேர்த்தார்.

ஆக, எங்களுக்கு டிரஸ்ட்தான். ஆனால் அது வெறும் பெட்டி. பத்திரம் உள்ளே போகாதவரை பெட்டிக்குப் பூட்டு எதற்கு? மைக்கேல் ஜாக்சன் 2002-இல் எழுதிய உயில் எல்லாவற்றையும் குடும்ப டிரஸ்ட்டுக்கே கொடுத்தது. ஆனால் அவர் இருந்தபோது சொத்து உள்ளே போகவில்லை. 2009-இல் இறந்த பிறகு பத்தாண்டுகளுக்கும் மேலாக எல்லாம் லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்தின் வழியாகவே நடந்தது. எங்களைப் போன்ற மறதிக்காரர்களுக்கு 1993-இன் ஹெக்ஸ்டாட் தீர்ப்பு ஒரு கயிறு நீட்டுகிறது: வீட்டின் பெயர் டிரஸ்ட்டின் சொத்துப் பட்டியலில் கையெழுத்தோடு இருந்தால், பத்திரம் மாறாவிட்டாலும் அது டிரஸ்ட் சொத்துதான் என்று மனுப் போடலாம். அதற்கும் வழக்கறிஞர், அதற்கும் நீதிமன்றம். எதைத் தவிர்க்கப் பணம் கொடுத்தோமோ அதையே திரும்ப வாங்குவது.

பத்திரத்தை இந்த முறை நானே தயார் செய்தேன். நோட்டரிக்குப் பத்து நிமிடம். கூடவே போகும் உரிமை மாற்றப் படிவத்தில், திரும்பப் பெறக்கூடிய டிரஸ்ட்டுக்கு மாற்றுகிறேன் என்ற கேள்விக்கு 'ஆம்'. அதைத் தவறவிட்டால் சொத்துவரிக்காரர் தேவையில்லாமல் கடிதம் எழுதுவார். ஓக்லண்டில் அலமேடா கவுண்டிப் பதிவு அலுவலகத்தில் கொடுத்தேன். பதிவு எண்ணும் தேதியும் மேல் மூலையில் அச்சிட்டுப் பத்திரம் தபாலில் திரும்பி வந்தது. வீட்டு இன்ஷூரன்ஸுக்குப் போன் செய்து டிரஸ்ட்டின் பெயரையும் சேர்த்தேன். பங்குக் கணக்கை மாற்ற வங்கிக்காரர் டிரஸ்ட் இருப்பதற்கான சான்றிதழ் ஒன்றைக் கேட்டார், கோப்பில் இருந்தது. ஓய்வூதியக் கணக்கை மாற்றவில்லை. அதை டிரஸ்ட்டின் பெயருக்கு மாற்றினால் பணத்தை எடுத்ததாகவே கணக்காகும், நாமினிதான் வழி.

அந்த நாமினிகளைச் சரிபார்த்தபோது இன்னொன்று வெளிவந்தது. கணவர் கல்யாணத்துக்கு முன் எடுத்த ஆயுள் காப்பீட்டில் நாமினி இன்றும் என் மாமியார். உயிலோ டிரஸ்ட்டோ என்ன சொன்னாலும் அந்தப் பணம் அவருக்குத்தான் போகும். படிவத்தை அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்து மூன்று வாரம் ஆகிறது. அதன் மேல் இப்போது ஒரு காபி வட்டம் இருக்கிறது, கையெழுத்து இல்லை.